த்ரியெஸ்தே–ஓப்பிச்சீனா டிராம்: ஏறும்போது பின்கண்ணாடி ஓரம் நில்லுங்கள்

இத்தாலியின் வடகிழக்கு மூலையில் இருக்கிறது த்ரியெஸ்தே என்கிற துறைமுக நகரம். ஊருக்குப் பின்னால் மதில் மாதிரி எழுந்து நிற்கிறது கார்ஸ்ட் என்கிற சுண்ணாம்புக்கல் மேட்டுநிலம். அந்த மேட்டின் மேல் ஓப்பிச்சீனா கிராமம். இரண்டையும் சேர்ப்பது 1902 செப்டம்பர் 9-ஆம் தேதி ஓடத் தொடங்கிய டிராம். பாதையின் நீளம் 5 கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். அந்தத் தூரத்துக்குள் கடல்மட்டத்துக்குப் பக்கத்திலிருந்து 300 மீட்டருக்கு மேல் ஏறிவிடுகிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஓடுகிற நாளில் போனால், த்ரியெஸ்தேயில் அரை நாளைச் செலவழிக்க இதைவிட நல்ல வழி எங்களுக்குத் தெரியாது. 'ஓடுகிற நாளில்' என்பதை மட்டும் அழுத்திப் படியுங்கள். அதைப் பற்றிக் கீழே விரிவாகவே எழுதியிருக்கிறோம்.

இந்த டிராமைப் பற்றிக் குறை சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள்: "கடல் தெரியும் என்றார்கள், பாதி வழி வீட்டுச் சுவரும் மரமும்தான் தெரிந்தது." உண்மைதான். வழி நெடுகக் கடலைப் பார்க்க வேண்டும் என்று ஏறினால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். இந்தப் பாதையின் பெரிய விஷயம் புறப்பட்ட கொஞ்ச நேரத்திலேயே, வண்டியின் பின்பக்கம் நடக்கிறது. எல்லோரும் முன்னால் பார்த்து உட்கார்ந்திருப்பதால் அதைத் தவறவிட்டுவிடுகிறார்கள்.

அது என்ன என்று பார்ப்போம். நகரத்துக்குள் பியாட்சா ஓபெர்தான் சதுக்கத்தில் புறப்படும் வண்டி, முதல் சில நூறு மீட்டர் சாதாரணத் தெரு டிராம்தான். மேலே மின்கம்பி, கீழே 1 மீட்டர் அகலத் தண்டவாளம், பக்கத்தில் கார்கள். அடுத்த நிறுத்தம் பியாட்சா ஸ்கோர்கோலா. அங்கே தெரு சட்டென்று மலை மேல் ஏறத் தொடங்குகிறது. இங்கிருந்து சரிவின் உச்சியில் இருக்கும் வெத்தா ஸ்கோர்கோலா நிறுத்தம் வரை 869 மீட்டர் தூரத்தில் 160 மீட்டர் உயரம் ஏற வேண்டும். சராசரி ஏற்றமே 18 சதவீதத்துக்கு மேல். மிகச் செங்குத்தான இடத்தில் 26 சதவீதம், அதாவது 100 மீட்டர் முன்னே போனால் 26 மீட்டர் மேலே. நம் நீலகிரி மலை ரயிலின் கடுமையான ஏற்றம் 12-க்கு 1. சதவீதத்தில் சொன்னால் 8-ஐச் சற்றுத் தாண்டும். அந்த ஏற்றத்துக்கே அங்கே, எஞ்சினின் பல்சக்கரம் கவ்விப் பிடித்து ஏறும் பல் தண்டவாளம் தேவைப்படுகிறது. இங்கே அதைப்போல் மூன்று மடங்கு. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வெறும் பிடிமானத்தை நம்பி ஏறவே முடியாத சரிவு இது.

அதனால் இந்த 869 மீட்டருக்கு மட்டும் டிராம் கயிற்று ரயிலாக மாறிவிடுகிறது. தண்டவாளங்களுக்கு நடுவே உருளைகள் மேல் ஓடும் எஃகுக் கயிறு. அந்தக் கயிற்றோடு நிரந்தரமாகப் பிணைக்கப்பட்ட குள்ளமான ஒரு வண்டி. இத்தாலியர் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'கார்ரோ ஸ்கூதோ', கேடய வண்டி என்று அர்த்தம். அது எப்போதும் டிராமின் பள்ளத்துப் பக்கம்தான் நிற்கும். ஏறும்போது பின்னாலிருந்து முட்டுக்கொடுத்துத் தள்ளும். இறங்கும்போது முன்னால் நின்று டிராமின் கனத்தை முதுகில் தாங்கி, வேகம் பிடிக்காமல் இறக்கும். கயிறு மேலே போய்ச் சக்கரத்தைச் சுற்றித் திரும்பி வர, மறுமுனையில் இன்னொரு கேடய வண்டி. ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். பழனியில் வின்ச் பார்த்தவர்களுக்குத் தராசுத் தட்டு மாதிரியான இந்த ஏற்பாட்டை விளக்கவே தேவையில்லை. வித்தியாசம் ஒன்றுதான்: வின்ச்சில் பயணிகள் ஏறும் பெட்டியே கயிற்றில் கட்டப்பட்டிருக்கும். இங்கே பயணிகள் இருப்பது தன் மோட்டாரில் ஓடும் ஒரு முழு டிராமில். சரிவு முடிந்ததும் அது கேடய வண்டியை அங்கேயே விட்டுவிட்டுத் தன்பாட்டுக்குப் போய்விடுகிறது.

ஆகவே ஏறியதும் நேரே வண்டியின் பின்கோடிக்குப் போய்விடுங்கள். பியாட்சா ஸ்கோர்கோலாவில் வண்டி நிற்கும். சில நொடிகளில் பின்னாலிருந்து மெல்லிய ஓர் உந்தல் வரும். அதன் பிறகு தரை சாயும். உடம்பு அந்தச் சாய்வுக்கு உடனே பழகிவிடுவதால், கண்ணுக்கு வண்டி நேராக இருப்பதுபோலவும் வெளியே இருக்கிற வீடுகள் எல்லாம் மலைப் பக்கமாகச் சாய்ந்து நிற்பதுபோலவும் படும். ஜன்னல், கதவு, படிக்கட்டு, பால்கனித் தொட்டி எதுவுமே மட்டத்தில் இருக்காது. பின்கண்ணாடி வழியே பார்த்தால் கேடய வண்டியின் முதுகு, அதற்குப் பின்னால் தண்டவாளம், அதன் நுனியில் நகரத்தின் கூரைகள். ஒவ்வொரு மீட்டருக்கும் கூரைகள் தாழ்ந்துகொண்டே போகும். அந்தக் கூரைகளுக்கு மேலே கடல் ஒரு கோடாக எழும்பி வரும். நடுவழியில் பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில், எதிர்க்கயிற்றில் இறங்கி வரும் வண்டி ஒட்டினாற்போல் கடந்து போகும்.

இந்தச் சரிவில் இடையிலும் நிறுத்தங்கள் உண்டு. ஓர் ஊர்வாசி காய்கறிப் பையோடு அங்கே இறங்குவதற்காக வண்டி நின்றால், கயிற்றின் மறுமுனையில் இருப்பதும் அந்த நொடியே நின்றாக வேண்டும். காரணமே இல்லாமல் நடுச்சரிவில் நின்றுவிட்டதே என்று பயப்பட வேண்டாம். எங்கோ மேலே அல்லது கீழே ஒருவர் இறங்கிக்கொண்டிருக்கிறார் என்பதுதான் பெரும்பாலும் காரணம்.

தெருவில் நின்று பார்க்கவும் இது நல்ல காட்சி. பாதையைக் குறுக்கே கடக்கும் இடங்களில் நின்றால், வண்டி கண்ணில் படுவதற்கு முன்னாலேயே கயிறு நகரத் தொடங்கி, உருளைகள் ஒவ்வொன்றாகச் சுழலும் ஓசை கேட்கும். குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். தண்டவாளம் காலியாக இருந்தாலும் கயிறு ஓடிக்கொண்டிருக்கலாம். புகைப்படம் எடுப்பதற்காகத் தண்டவாளத்துக்கு நடுவே நிற்பது எந்த நேரத்திலும் கூடாது.

1902-இல் இது இப்படி இல்லை. முதலில் இந்தச் சரிவில் போட்டது ஸ்ட்ரூப் முறைப் பல் தண்டவாளம். பல்சக்கர எஞ்சின் ஒன்று பின்னாலிருந்து டிராமைத் தள்ளி ஏற்றியது. திட்டத்தை வகுத்த பொறியாளர் எயுஜேனியோ கெய்ரிங்கர். அப்போது த்ரியெஸ்தே ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசின் பெரிய துறைமுகம். வியன்னாவிலிருந்து வரும் ரயில் 1857-லேயே வந்துவிட்டது. ஆனால் கனமான ரயிலுக்கு இந்த மேட்டிலிருந்து நேரே இறங்க வழியில்லை. வடமேற்கே வெகுதூரம் சுற்றித்தான் கடற்கரைக்கு வந்து சேரும். கண்ணுக்கெதிரே கீழே தெரிகிற நகரத்துக்கு அவ்வளவு சுற்று. அந்தச் சுற்றைத் தவிர்க்கத்தான் இந்தக் குறுக்குவழி. 1928-இல் பல் தண்டவாளத்தை எடுத்துவிட்டுக் கயிற்றைப் போட்டார்கள். அன்றிலிருந்து அமைப்பு மாறவில்லை.

வண்டிகளும் புதியவை அல்ல. 401 முதல் 405 வரை எண்ணிட்டவை 1935-இல் பாதோவா நகரத்து ஸ்தாங்கா பட்டறையில் செய்தவை. 406, 407 இரண்டும் 1942-இல் வந்தவை. நீலமும் வெள்ளையுமாக வண்ணம். பழசைப்போல் வேஷம் போட்ட சுற்றுலா வண்டி என்று யாராவது நினைத்தால், அது தவறு. வேலைக்குப் போகிறவர்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு ஓடுவதற்காகச் செய்து, அதே வேலையைச் செய்த வண்டிகள் இவை. த்ரியெஸ்தே நகரப் பேருந்துகளை நடத்தும் நிறுவனம்தான் இதையும் நடத்துகிறது. பேருந்துத் தடங்களின் வரிசையில் இதற்கு எண் 2.

இனி அந்த 'ஓடுகிற நாள்' விஷயம். திறந்த ஒரே மாதத்தில், 1902 அக்டோபர் 10-ஆம் தேதி, ஒரு வண்டி கட்டுப்பாட்டை இழந்து சரிவில் ஓடித் தடம் புரண்டது. அதை வைத்து ஊரார் கட்டிய பாட்டு இன்றும் த்ரியெஸ்தேக்காரர் எல்லோருக்கும் மனப்பாடம். அண்மைக் காலத்தில் நிற்பது இன்னும் நீளமாகிவிட்டது. 2012-இல் நின்றது 2014-இல்தான் திரும்ப ஓடியது. 2016 ஆகஸ்ட் 16 அன்று இரண்டு டிராம்கள் நேருக்கு நேர் மோதிக்கொண்டன, பலர் காயமடைந்தார்கள். அதற்குப் பிறகு எட்டு ஆண்டுகளுக்கு மேல் சேவையே இல்லை. 2025 பிப்ரவரி 1 அன்றுதான் மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஓடியது '2/' என்று பலகை மாட்டிய மாற்றுப் பேருந்து.

ஏன் இப்படி அடிக்கடி நிற்கிறது என்றால், இந்தப் பாதையில் இரண்டு தனித்தனி இயந்திர ஏற்பாடுகள் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்திருக்கின்றன. ஒன்று மின்சார டிராம், இன்னொன்று கயிற்று ரயில். எது பழுதானாலும் முழுப் பாதையும் நிற்கும். கயிற்றுப் பகுதியில் மேலே இருக்கிற வண்டி தாமதித்தால் கீழே இருக்கிறது கிளம்ப முடியாது. எஃகுக் கயிறு காலப்போக்கில் நீளும், தேயும். குறித்த கெடுவில் சோதித்தாக வேண்டும், தேய்மானம் அளவு தாண்டினால் மாற்றியாக வேண்டும். மேல்பகுதியோ ஒற்றைத் தண்டவாளம். குறிப்பிட்ட விலகுமிடங்களில் மட்டும்தான் எதிரெதிர் வண்டிகள் ஒன்றையொன்று கடக்கலாம். அங்கே ஒழுங்கு தவறினால் என்ன நடக்கும் என்பதற்கு 2016-ஏ சாட்சி. இவ்வளவுக்கும் மேலே, ஏறத்தாழ நூறு வயதை நெருங்கும் வண்டிகள். அவற்றுக்கான உதிரிப் பாகம் கடையில் வாங்கக் கிடைப்பதில்லை. பாதுகாப்பு அதிகாரிகள் கறாராக இருப்பதில் எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை. 26 சதவீதச் சரிவில் கறாராக இல்லாமல் வேறு எங்கே இருப்பது? வருத்தமெல்லாம், ஒவ்வொரு நிறுத்தமும் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் நீண்டுவிடுவதைப் பற்றித்தான். எட்டு ஆண்டு என்றால் ஒரு குழந்தை பிறந்து மூன்றாம் வகுப்புக்குப் போய்விடும். அத்தனை காலமும் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு டிராம் என்பது அந்தப் பாட்டுக்குள் மட்டும் இருந்தது.

ஆகவே புறப்படுகிற அன்று காலையில் த்ரியெஸ்தே நகரப் போக்குவரத்து நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் 2-ஆம் எண் தடத்தின் நிலையைப் பாருங்கள். முந்தின வாரம் பார்த்தது போதாது. டிராம் இல்லையென்றால் திட்டத்தையே கைவிட வேண்டியதில்லை. 4-ஆம் எண் பேருந்து அதே பியாட்சா ஓபெர்தானிலிருந்து ஓப்பிச்சீனாவுக்கு ஏறுகிறது. மேட்டில் பார்க்க வேண்டியதையெல்லாம் அதில் போயும் பார்க்கலாம். டிராமுக்காக மட்டுமே வேறு ஊரிலிருந்து த்ரியெஸ்தே வருவது என்றால், பயணச்சீட்டையும் விடுதியையும் மாற்றத் தக்கதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கணக்கு, காற்று. குளிர்காலத்தில் வடகிழக்கிலிருந்து இந்த மேட்டைத் தாண்டிக் கடலை நோக்கிப் பாயும் போரா காற்று மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டி அடிக்கக்கூடியது. நடப்பவர்கள் பிடித்துக்கொள்வதற்காக நகரத் தெருமுனைகளில் ஒரு காலத்தில் கயிறு கட்டிவைத்தார்கள். போரா அடிக்கிற நாளில் மேட்டுக்கு ஏறுவது வீண். அது நின்ற மறுநாள் ஏறுவதுபோல் நல்லது வேறில்லை. காற்று தூசையும் ஈரத்தையும் துடைத்துவிட்டுப் போயிருக்கும். வளைகுடாவுக்கு அப்பால் பனி மூடிய ஆல்ப்ஸ் வரை தெரியும்.

போய்ச் சேருவது எளிது. த்ரியெஸ்தே மத்திய ரயில் நிலையத்திலிருந்து கார்லோ கேகா தெரு வழியே பத்து நிமிடத்துக்குள் பியாட்சா ஓபெர்தானுக்கு நடந்துவிடலாம். அந்தத் தெருவின் பெயருக்குரியவர், ஆல்ப்ஸ் மலையில் செம்மரிங் ரயில் பாதையைப் போட்ட பொறியாளர். மலை ஏறும் டிராமுக்கு வழிகாட்ட அவரைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. சதுக்கத்தின் பக்கத்தில் ஃபில்சி தெருவில் இருக்கும் பெரிய கட்டடத்தையும் பார்த்துவிட்டு ஏறுங்கள். நாரொத்னி தோம் என்ற பெயரில் அது நகரத்து ஸ்லோவேனியர்களின் சமூக இல்லமாக இருந்தது. 1920 ஜூலை 13 அன்று பாசிஸ்டுகள் அதற்குத் தீ வைத்தார்கள். மிகச் சரியாக நூறு ஆண்டு கழித்து, 2020-இல் அதே தேதியில், கட்டடத்தை ஸ்லோவேனியச் சமூகத்துக்கே திருப்பிக் கொடுக்கும் ஆவணம் கையெழுத்தானது. இதை ஏன் இங்கே சொல்கிறோம் என்றால், கீழே நகரம் பெரும்பாலும் இத்தாலிய மொழி பேசுகிறது. மேலே டிராம் போய்ச் சேரும் கிராமம் தலைமுறை தலைமுறையாக ஸ்லோவேனிய மொழி பேசும் ஊர். அங்கே அதன் பெயர் ஓப்ச்சினே. பெயர்ப் பலகைகள் இரண்டு மொழியிலும் இருக்கும்.

சீட்டு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இது நகரப் போக்குவரத்து என்பதால் நகரப் பேருந்துச் சீட்டே செல்லும்; சுற்றுலாக் கட்டணம் கிடையாது. சீட்டைப் பெரிய 'T' பலகை மாட்டிய புகையிலைக் கடைகளிலோ, பத்திரிகைக் கடைகளிலோ, கைப்பேசிச் செயலியிலோ வாங்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தக் கடைகளில் பலவும் மூடியிருக்கும்; சனிக்கிழமையே போகவர இரண்டு சீட்டாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஏறியதும் வண்டிக்குள் இருக்கும் இயந்திரத்தில் சீட்டைப் பதிய வேண்டும். பதியாத சீட்டு சட்டைப்பையில் இருந்தால் அது சீட்டே இல்லை; சோதனைக்காரர் அபராதம் போடுவார். வெளிநாட்டுப் பயணிகள் அதிகம் மாட்டிக்கொள்வது இதில்தான்.

வண்டிக்குள் ஏறப் படி உண்டு, தரை உயரம். சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும், மூட்டு வலி உள்ள பெரியவர்களுக்கும், பெரிய குழந்தை வண்டி தள்ளி வருபவர்களுக்கும் தாழ்தளப் பேருந்தே வசதி. பெட்டி, பைகளை நிலையத்திலோ விடுதியிலோ விட்டுவிட்டு வாருங்கள். சரிவில் வண்டி சாயும்போது சக்கரம் வைத்த பெட்டி நிற்காது.

பின்கோடியில் இடம் கிடைக்காவிட்டால், ஏறும்போது இடதுபுற ஜன்னல். வெத்தா ஸ்கோர்கோலாவில் கயிறு விட்டதும் வண்டி மறுபடி தன் மோட்டாரில் ஓடத் தொடங்கும். இரைச்சல் மாறுவதே காதுக்குத் தெரியும். கொலோன்யா, கொங்கொனெல்லோ, பான்னே என்று தோட்டங்களுக்கும் ஓக் மரங்களுக்கும் நடுவே வளைந்து வளைந்து போகும். கடல் இடதுபக்கம் இருக்கும், மரங்களுக்கிடையே அவ்வப்போது மட்டும். முழுப் பயணமும் ஏறத்தாழ அரை மணி நேரம்.

இங்கேதான் எங்கள் முக்கியமான பரிந்துரை. கடைசி நிறுத்தம் வரை போகாமல் ஒபெலிஸ்கோ நிறுத்தத்தில் இறங்குங்கள். 1830-இல் நட்ட கல்தூண் ஒன்று அங்கே நிற்கிறது. ஒபெலிஸ்கோ என்றால் இத்தாலிய மொழியில் இப்படிப்பட்ட கல்தூண்; நிறுத்தத்துக்கு அந்தப் பெயர் அதனால்தான். வண்டியில் துண்டு துண்டாகப் பார்த்த கடல் இந்த இடத்தில் முழுசாகக் கிடைக்கும். காலடியில் நகரமும் துறைமுகமும். கீழே வலதுபக்கம் 1927-இல் திறந்த வெற்றிக் கலங்கரை விளக்கம். அதற்கும் அப்பால் நீர்விளிம்பில் வெள்ளையாக மிராமாரே மாளிகை. இடதுபக்கம் ஸ்லோவேனியா, குரோவேஷியாவுக்குச் சொந்தமான இஸ்த்ரியாக் கரை நீண்டு கிடக்கும். மாலை வெயில் கடல் பக்கமிருந்து முகத்தில் அடிக்கும். படம் எடுக்க வேண்டுமென்றால் காலையில் வாருங்கள். சூரிய அஸ்தமனம் வேண்டுமென்றால் மாலையில், திரும்பும் வண்டியின் நேரத்தைப் பார்த்துக்கொண்டு.

தூணுக்குப் பக்கத்திலேயே ஒரு நடைபாதை தொடங்குகிறது. ஊரில் எல்லோரும் அதை நாபொலியோனிகா என்பார்கள். மலை விளிம்பை ஒட்டி, ஏற்ற இறக்கமே இல்லாமல், நாலைந்து கிலோமீட்டர் தூரம் ப்ரொசெக்கோ கிராமம் வரை போகும். முதல் பகுதி பைன் மர நிழல். பிறகு நிழல் போய், வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகள் வலதுபக்கம் சுவராக நிற்கும். அவற்றில் கயிறு கட்டிப் பாறை ஏறப் பழகுகிறவர்களை எந்த வார இறுதியிலும் பார்க்கலாம். குழந்தைகளும் வயதானவர்களும் சிரமமில்லாமல் நடக்கக்கூடிய பாதை. தண்ணீர் மட்டும் கையில் இருக்க வேண்டும். கோடையில் நண்பகல் வேளையைத் தவிர்த்துவிடுங்கள், பாறை சூட்டைத் திருப்பி அடிக்கும். நடந்து முடித்தால் ப்ரொசெக்கோவிலிருந்து நகரப் பேருந்தில் கீழே இறங்கலாம். உலகமெங்கும் விற்கிற அந்த நுரைக்கும் வெள்ளை ஒயினுக்குப் பெயர் கொடுத்தது இந்தச் சின்ன ஊர்தான்.

நடக்க மனமில்லாதவர்கள் அடுத்த டிராமில் ஓப்பிச்சீனாவுக்குப் போகலாம். கிராமத்தில் தேவாலயமும் கடைகளும் கொண்ட அமைதியான நடுத்தெருவைத் தவிரப் பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. அரை மணி போதும். வரலாற்றில் அக்கறை உள்ளவர்கள் ஒன்றை அறிந்து வைத்துக்கொள்ளலாம். இந்த ஊர்த் துப்பாக்கிப் பயிற்சித் திடலில்தான் 1941 டிசம்பர் 15 அன்று, பின்கோ தொமாஷிச் உள்ளிட்ட ஐந்து ஸ்லோவேனியப் பாசிச எதிர்ப்பாளர்களை முசோலினியின் அரசு சுட்டுக் கொன்றது.

இங்கிருந்து 42-ஆம் எண் பேருந்தில் க்ரோத்தா ஜிகாந்தே குகைக்குப் போகலாம். 1908-இலிருந்து மக்கள் பார்வைக்குத் திறந்திருக்கும் இந்தக் குகையின் கூடம் ஒன்றே ஏறத்தாழ 100 மீட்டர் உயரம். வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள். ஒரு மணி நேரம் ஆகும். இறங்க 500 படி, ஏற 500 படி. வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் உள்ளே 11 டிகிரிதான், எனவே ஒரு ஸ்வெட்டர் வேண்டும். டிராம், குகை, நாபொலியோனிகா மூன்றையும் ஒரே நாளில் அடைக்கப் பார்த்தால் மூன்றுமே அவசரமாகிவிடும். இரண்டைத் தேர்ந்தெடுங்கள், டிராமும் நடையும் எங்கள் தேர்வு.

சாப்பாட்டுக்கு மேட்டில் ஓஸ்மிட்ஸா தேடுங்கள்; குடியானவர் வீட்டிலேயே நடக்கும் சாப்பாட்டுக் கடை அது. 1784-இல் பேரரசர் இரண்டாம் யோசேப்பு, குடியானவர்கள் தங்கள் வீட்டு விளைச்சலைத் தங்கள் வீட்டிலேயே ஆண்டுக்கு எட்டு நாள் விற்கலாம் என்று ஆணை போட்டார். ஸ்லோவேனிய மொழியில் எட்டு என்றால் 'ஓசெம்'; பெயர் அதிலிருந்து வந்தது. இன்று எட்டு நாளுக்கு மேல் திறக்கிறார்கள் என்றாலும், வருஷம் முழுக்கத் திறந்திருக்கும் ஓட்டல் அல்ல அது. முறை வைத்துத் திறப்பார்கள். எங்கே திறந்திருக்கிறது என்பதற்கு அடையாளம், தெருமுனையில் சிவப்பு அம்புக்குறியோடு தொங்கும் இலைக்கொத்து. அதைப் பின்தொடர்ந்தால் ஒரு வீட்டு முற்றம் வரும். அன்றன்று திறந்திருப்பவற்றின் பட்டியல் இணையத்திலும் கிடைக்கும். கிடைப்பது அவர்கள் தோட்டத்து ஒயின், வீட்டில் செய்த பன்றி இறைச்சி வகைகள், பாலாடைக்கட்டி, அவித்த முட்டை, ரொட்டி. அடுப்பில் ஏற்றிச் சமைத்த உணவு எதிர்பார்க்காதீர்கள். இறைச்சி சாப்பிடாதவர்களுக்குப் பாலாடைக்கட்டியும் ரொட்டியும் ஊறுகாய்க் காயும் கிடைக்கும். முட்டையும் சாப்பிடாதவர்கள் கையில் ஏதாவது கொண்டுபோவது நல்லது. சிவப்பு ஒயின் குடிப்பவர்கள் தெர்ரானோ கேளுங்கள். கார்ஸ்ட் செம்மண்ணில் விளைவது. புளிப்புத் தூக்கலாக இருக்கும், உப்பிட்ட இறைச்சிக்கு அது சரியான துணை. பணம் ரொக்கமாக வைத்திருங்கள்.

திரும்பும்போது டிராமிலேயே இறங்குவதானால் இந்த முறை முன்கோடி, ஓட்டுநருக்குப் பின்னால். வெத்தா ஸ்கோர்கோலாவில் வண்டி கேடய வண்டியின் முதுகில் சாய்ந்து நிற்கும். கயிறு நகர்ந்ததும் நகரம் மெல்ல மேலே ஏறி வரும். மாலையில் போவதானால் கடைசி வண்டியின் நேரத்தை ஏறுவதற்கு முன்பே, கீழே பியாட்சா ஓபெர்தான் நிறுத்தத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வார நாள், ஞாயிறு இரண்டுக்கும் தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். 'ஃபெரியாலே' என்பது வேலை நாள், 'ஃபெஸ்தீவோ' என்பது ஞாயிறும் விடுமுறையும். இரண்டையும் மாற்றிப் படித்துவிட்டு ஒபெலிஸ்கோவில் இருட்டில் நின்றால், 4-ஆம் எண் பேருந்தின் நிறுத்தம் எங்கே என்று தெரிந்திருப்பது உதவும். மேலே போனதும் முதல் வேலையாக அதைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.